கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு கனடாவின் ஓர் ஆற்றங்கரை ஊரைத் தோண்டுவது எப்படி

நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் ஆதாரம் எழுதுகிறவன். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் அதே காகிதத்துக்குப் பத்திரம் என்று பேர். அவர்கள் வில்லங்கம் என்று சொல்வது எங்களுக்குக் குடிக்கடம். பேர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். யாராவது நாலு சென்ட் வாங்க வந்து உட்கார்ந்தால் விலையைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை, முன்னாதாரம், அதாவது இதற்கு முந்தின ஆதாரம் இருக்கிறதா, அதற்கும் முன்னாதாரம் இருக்கிறதா என்று பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பேன். அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நேரில் பார்த்தே இராத ஒரு கனடா ஊரின் பழைய கதையை வீட்டுத் திண்ணையில் இருந்தபடி தோண்டினேன். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது அந்தப் பக்கம் இருந்தால் இதே வழி வேறு ஊருக்கும் செல்லும்.

தங்கச்சி மகள் வின்னிபெக்கில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க எல்லை வரை காரில் போய்விட்டு வந்து போன் செய்தாள். "மாமா, எமர்சன்னு ஒரு ஊருங்க, நம்ம ஊரில பாதி கூட இருக்காது. 1870-கள்ல ரெண்டு பேரு வந்து உண்டாக்குன ஊருன்னு அங்க ஒரு பலகையில எழுதியிருக்காங்க. அப்போ அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லைங்களா?"

நல்ல கேள்வி. முன்னாதாரம் இல்லாத நிலம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

ஊர்ப் பேர் எனக்கு ஏற்கெனவே தெரியும். 2022 ஜனவரியில் குஜராத்துக் குடும்பம் ஒன்று, குழந்தைகள் இரண்டு பேர் உட்பட நாலு பேர், அந்த ஊருக்குக் கிழக்கே எல்லையோரப் பனியில் விறைத்து இறந்து கிடந்த செய்தியில்தான் அந்தப் பெயரை முதலில் படித்தேன். இங்கே கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் எல்லையைப் பால்பாத்திரத்தோடு கடந்து போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, எல்லை ஆளைக் கொல்லும் என்பது அன்றைக்குச் சட்டென்று உறைத்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஊரைத் தேடாதீர்கள், ஆற்றைத் தேடுங்கள். வெறும் 'எமர்சன்' என்று தேடினால் அமெரிக்காவில் இருக்கிற வேறு எமர்சன்கள், மின்விசிறி, மோட்டார் எல்லாம் வந்து விழும். மாகாணத்தின் பேர் மனிடோபாவையும் ஆற்றின் பேர் ரெட் ரிவரையும் சேர்த்துப் போட்டால்தான் சரியான இடத்துக்குப் போகும். ஆற்றை எடுத்ததும் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. வரைபடத்தில் கீழே இருக்கிறதுதான் தாழ்வு என்ற நினைப்பில், ஆறு கனடாவிலிருந்து தெற்கே அமெரிக்காவுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்தேன், எதுவும் பொருந்தவில்லை. உண்மையில் ரெட் ரிவர் தெற்கிலிருந்து வடக்கே ஓடி வின்னிபெக் ஏரியில் விழுகிறது. எங்கள் சித்தூர்ப்புழை கிழக்கே ஆனைமலையில் இருந்து மேற்கே கடலைப் பார்த்துப் போகிறது என்பதைக் குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் தெரியாத ஊரில் இந்த ஒரு விஷயம் தப்பினால் எல்லாமே தப்பும்.

ஏன் என்று சொல்கிறேன். வடக்கே ஓடுகிற ஆற்றில் வசந்தகாலத்தில் தெற்குப் பக்கப் பனி முதலில் உருகும், வடக்கே ஆறு இன்னும் கட்டியாய் உறைந்து கிடக்கும், வருகிற தண்ணீருக்குப் போக வழியில்லை. சுற்றிலும் நிலம் களம் மெழுகின மாதிரி சமதளம், பழைய பெரும் ஏரி ஒன்றின் அடித்தரை அது. ஆகவே கரை தாண்டினால் தண்ணீர் மைல் கணக்கில் விரியும். 1826, 1852, 1950, 1997 என்று வெள்ள வருஷங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டடம் பழையது, எது புதிதாகக் கட்டியது, ஊரைச் சுற்றி ஏன் வளையமாக மண்கரை போட்டிருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் அதில் பதில் இருக்கும்.

வியாபாரத்துக்கும் அதே திசைதான் காரணம். மினசோட்டாவின் செயின்ட் பாலில் இருந்து மரச்சக்கர வண்டிகளில் ரெட் ரிவர் வரை சாமான் வரும், அங்கிருந்து ஆற்றோட்டத்தோடு வடக்கே இறங்கும். அந்த வண்டிகளில் ஆணி முதல் அச்சு வரை எல்லாம் மரம், மசகும் போட மாட்டார்கள், வெகு தூரத்துக்கு முன்னாலேயே கிறீச்சென்று கேட்குமாம். 1859-இல் ஆன்சன் நார்த்தப் என்ற முதல் நீராவிப் படகு இந்த ஆற்றில் வந்தது. கனடாவின் கிழக்குக்கும் இந்தச் சமவெளிக்கும் நடுவே பாறையும் ஏரியும் காடுமாக இருந்ததால், ஒரு கனடாக்காரர் தன் நாட்டின் மேற்குக்குப் போக அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்த ஆற்று வழியாக வருவதே சுலபம். அப்படி வருகிறவர்கள் முதலில் காலை வைக்கிற கனடா மண்தான் எமர்சன் இருக்கிற இடம். ஊர் அங்கே முளைத்ததற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

அடுத்து எல்லைக்கோடு. 1818-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் 49-ஆவது அட்சரேகை எல்லை என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தரையில் அது எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. 1823-இல் லாங் என்ற அமெரிக்க அதிகாரி வந்து அளந்து ஒரு கம்பம் நட்டபோதுதான், பெம்பினா என்ற குடியிருப்பு அமெரிக்கப் பக்கம் போய்விட்டது என்று அங்கே இருந்தவர்களுக்கே தெரிந்தது. முறையாக அளந்து குறியிட்டது 1872 முதல் 1874 வரை. மனிடோபாவின் தெற்கு எல்லையில் மைலுக்கு ஒரு இரும்புக் கம்பம். அதற்கு நடுவில், 1871 அக்டோபரில், ஃபீனியன் என்ற அயர்லாந்து விடுதலைக் கூட்டத்தார் முப்பத்தைந்து பேர் போல எல்லையோரம் இருந்த ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் தோல் வியாபாரக் கம்பெனியின் கிட்டங்கியைப் பிடித்தார்கள், அமெரிக்கப் படை வந்து அவர்களைப் பிடித்தது. அந்த இடம் எந்த நாட்டு மண் என்பதிலேயே அன்றைக்குக் குழப்பம். எங்களுக்கு இது சிரிப்பாக இராது. சித்தூர் கொச்சி ராஜாவுடையது, பக்கத்துப் பாலக்காடு வெள்ளைக்காரனின் மலபார், கிழக்கே கோயம்புத்தூர் ஜில்லா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சித்தூரும் பாலக்காடும் கேரளம் என்று ஒரே ராஜ்யமானபோது, வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு மலையாளத்தில் கைச்சாத்து இடுகிற ஜனமானோம்.

இதிலிருந்து வழி என்னவென்றால், எல்லை ஊர் என்றால் அதன் ஆரம்பக் காகிதத்தில் பாதி அடுத்த நாட்டில் இருக்கும். எமர்சனைப் பற்றித் தேடுகிறவர் பெம்பினாவைப் பற்றியும் தேட வேண்டும், அங்கத்திய சுங்கச்சாவடி, பாதிரிமார், கோட்டை எல்லாம் சேர்த்து. ஊருக்குள்ளேயும் பேர் மாறியிருக்கும்: ஆற்றின் மேற்குக் கரையில் வெஸ்ட் லின் என்று தனியாக ஓர் ஊர் இருந்து பின்னால் எமர்சனோடு சேர்ந்தது, 2015-இல் எமர்சனே பக்கத்துப் பகுதிகளோடு இணைந்து எமர்சன்-ஃப்ராங்ளின் ஆகிவிட்டது. எல்லாப் பேரையும் போட்டுத் தேடாவிட்டால் பாதி காகிதம் கண்ணில் படாது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, முன்னாதாரம். தாளை எடுத்துக் கீழிருந்து மேலாக எழுதுங்கள், நாங்கள் அலுவலகத்தில் எழுதுவது போலவே: யார் கொடுத்தார், யார் வாங்கினார், என்ன விலை, கொடுத்தவருக்குக் கொடுக்க உரிமை இருந்ததா. 1870-இல் இந்தச் சமவெளி முழுவதையும் ஹட்சன் பே கம்பெனி கனடாவிடம் ஒப்படைத்தது. விலை 3 லட்சம் பவுண்டு, அதுபோக நல்ல நிலத்தில் இருபதில் ஒரு பங்கைக் கம்பெனி தனக்கே வைத்துக்கொண்டது. கம்பெனிக்கு எப்படி வந்தது? 1670-இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் கொடுத்த சாசனம். ராஜா அந்த நிலத்தைப் பார்த்ததில்லை, அங்கே இருந்தவர்களைக் கேட்டதும் இல்லை. நம் ஊரில் இப்படி ஒரு ஆதாரம் வந்தால் எந்த சப் ரிஜிஸ்டிராரும் தொட மாட்டார். நடுவிலே 1811-இல் செல்கர்க் பிரபு என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குக் கம்பெனி ஒரு பெரும் துண்டை எழுதிக்கொடுத்தது. அவர் 1817-இல் நேரில் வந்து, நிலத்தின் உண்மையான ஆட்களான சோட்டோ, கிரீ இனத் தலைவர்களோடு ஒப்பந்தம் செய்தார்: ஆற்றின் இரு கரையிலும் இரண்டு மைல் அகலம், பதிலுக்கு ஒவ்வோர் இனத்துக்கும் வருஷம் 100 பவுண்டு எடை புகையிலை. சோட்டோ என்பது அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவு. பிறகு 1871 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கனடா அரசு அனிஷினாபேக்களோடும் கிரீக்களோடும் முதலாம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. எமர்சன் இருக்கும் மண் அதற்குள் வருகிறது. அந்த அனிஷினாபேக்களில் ஒரு கூட்டத்தார் ரோஸோ ஆற்றோரம், கிட்டத்தில்தான், இன்றும் இருக்கிறார்கள்.

குடிக்கடம் பார்க்காமல் விடலாமா? பிரெஞ்சு, ஸ்காட்லாந்து வியாபாரிகளுக்கும் அந்த மண்ணின் பெண்களுக்கும் பிறந்த வம்சம் மேட்டீ மக்கள். நிலம் கைமாறும் பேச்சு வந்ததுமே 1869-இல் லூயி ரியேலைத் தலைவராக வைத்து எதிர்த்து நின்றவர்கள் இவர்கள். கனடா அனுப்பிய கவர்னர் மக்டூகலைப் பெம்பினா எல்லையிலேயே திருப்பி அனுப்பியதும் இவர்கள்தான். அதன் பலனாக 1870 மனிடோபா சட்டத்தில் மேட்டீ பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் என்று எழுதினார்கள். எழுதினது எழுதினபடி போய்ச் சேரவில்லை. தாமதம், குளறுபடி, இடைத்தரகர். 2013 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம், அரசு அந்த வாக்கை உரிய அக்கறையோடு நிறைவேற்றவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 143 வருஷம் கழித்துக் குடிக்கடம் காட்டிய நிலம். மருமகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் போனில் பேச்சே இல்லை, அப்புறம், "அந்தப் பலகையில இதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க மாமா" என்றாள்.

சங்கிலி கையில் வந்ததும் சர்வே எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இது நம் சர்வே நம்பர், சப் டிவிஷனை விட சுலபம். 1871-இல் மறுபடி தொடங்கிய அளவையில் ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்ஷன், ஒரு செக்ஷன் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர், அதுதான் ஒரு குடும்பத்துக்கு. டவுன்ஷிப் எண் அமெரிக்க எல்லையில் ஒன்று என்று ஆரம்பித்து வடக்கே ஏறும். வின்னிபெக்குக்கு மேற்கே ஓடும் ஒரு தீர்க்கரேகையில் இருந்து கிழக்கும் மேற்கும் ரேஞ்ச் எண்ணுவார்கள். எமர்சன் எல்லையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் டவுன்ஷிப் 1, ரேஞ்ச் 2 கிழக்கு. கால் பங்கு, செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், இந்த நாலும் தெரிந்தால் ஆள் பேரே இல்லாமல் காகிதம் எடுக்கலாம். கவனம்: கனடாவில் செக்ஷன் எண் தென்கிழக்கு மூலையில் ஒன்று என்று ஆரம்பிக்கும், கோட்டுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் வடகிழக்கு மூலையில். பக்கத்துப் பக்கத்து நிலம், எண்ணும் முறை வேறு. நான் இதிலும் ஒருமுறை விழுந்து எழுந்தேன்.

இந்தச் சதுரங்களுக்கு நடுவே ஆற்றோரமாக ஒல்லியான நீளப் பட்டைகள் தெரிந்தால் நின்று பாருங்கள். அவை மேட்டீக்களின் ஆற்று நிலங்கள், முன்னால் தண்ணீர், பின்னால் இரண்டு மைல் ஓடும் நிலம், எல்லாருக்கும் கரை, எல்லாருக்கும் பக்கத்து வீடு. சதுரம் போட வந்த சர்வேயர்களை 1869-இல் மேட்டீக்கள் சங்கிலியை மிதித்து நிறுத்தியது வெறும் கோபம் அல்ல, இந்தப் பட்டையைச் சதுரம் தின்றுவிடும் என்ற பயம். வரைபடத்தில் எங்கே பட்டை முடிந்து சதுரம் ஆரம்பிக்கிறதோ அங்கே இரண்டு காலம் முட்டிக்கொண்டு நிற்கிறது. என் கண்ணுக்கு, அந்த ஊரைப் பற்றிய மிகப் பழைய சாட்சி அதுதான்.

இனி ஆட்கள். கனடா நூலக ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 1870 முதல் 1930 வரையிலான மேற்கு நில மானியப் பதிவுகளை இலவசமாகத் தேடலாம், அதே இடத்தில் குடிமதிப்பும், அதாவது ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் உண்டு. குடிமதிப்பு 92 வருஷம் கழிந்தால்தான் திறப்பார்கள், 1931-ஆம் வருஷத்தது 2023-இல்தான் வெளியே வந்தது. சமவெளி மாகாணங்களுக்கு 1906, 1916 என்று நடுவிலும் ஒன்று எடுத்திருப்பது நமக்கு லாபம். பேர் போட்டுத் தேடினால் பாதி கிடைக்காது, கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் கண்டபடி எழுதியிருப்பார். ஊர்ப் பெயரைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே மேல், நேரம் ஆகும், பரவாயில்லை. 1870-ஆம் வருஷத்து மனிடோபா குடிமதிப்பில் அப்பன் பேரும் எழுதியிருக்கிறார்கள், எமர்சனுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார் என்ற கேள்விக்கு அதை விட நேரான பதில் இல்லை. மனிடோபா அரசின் பிறப்பு இறப்புப் பதிவும் இணையத்தில் உண்டு: பிறப்பு நூறு வருஷம், கல்யாணம் எண்பது, சாவு எழுபது வருஷம் கழிந்தவை. ஹட்சன் பே கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் வின்னிபெக்கில், மனிடோபா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்கு ஆள் நேரில் போவது நல்லது, மருமகளைத்தான் அனுப்பினேன்.

ஒரு பேர் கிடைத்தால் உடனே நம்பாதீர்கள். நில மானியத்தில் இருக்கிறவர் குடிமதிப்பில் இருக்கிறாரா பாருங்கள். 1872 சட்டப்படி பத்து டாலர் கட்டி 160 ஏக்கர் எடுத்து, மூன்று வருஷம் குடியிருந்து உழுதால்தான் பட்டா. எடுத்துவிட்டு ஓடிப்போனவர்கள் ஏகப்பட்ட பேர். இரண்டு காகிதத்தில் இருந்தால்தான் அவர் குடியிருந்தார் என்று நான் எழுதுவேன்.

ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய புத்தகத்தைக் கடைசியில் திறங்கள். மனிடோபாவில் அநேகமாக ஒவ்வொரு சிற்றூருக்கும் அப்படி ஒன்று உண்டு, மனிடோபா பல்கலைக்கழகம் நிறைய வருடி வைத்திருக்கிறது. நல்ல புத்தகங்கள்தான், குடும்பப் புகைப்படம், பள்ளிக்கூடம், கோயில் என்று அன்பாக எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் படித்தால் அவர்கள் ஆரம்பித்த இடமே ஆரம்பம் என்று மனதில் ஒட்டிக்கொள்ளும். எமர்சன் விஷயத்தில் அந்த ஆரம்பம் கார்னி, ஃபேர்பாங்க்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள், 1873, 74 வாக்கில். ஊருக்கு அமெரிக்கக் கட்டுரையாளர் எமர்சனின் பேர். பொய் இல்லை. கடைசி ஆதாரம், அவ்வளவுதான்.

அதே 1874-இல் பக்கத்திலேயே ஃபோர்ட் டஃபரினில் இருந்து ஜூலை 8-ஆம் தேதி வடமேற்குக் குதிரைப் போலீஸ் மேற்கு நோக்கிக் கிளம்பியது. அடுத்த வருஷம் ரஷ்யாவின் தெற்கில் இருந்து வந்த மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடியானவர்கள் அதே ஃபோர்ட் டஃபரின் கொட்டகைகளில் இறங்கினார்கள். டஃபரின் யார் என்று பார்த்தால் நமக்குத் தெரிந்த ஆள்: 1872 முதல் 78 வரை கனடாவின் கவர்னர் ஜெனரல், பிறகு 1884 முதல் 88 வரை நம் வைஸ்ராய். அவர் சம்சாரத்தின் பேரில் இங்கே ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன; அங்கே ஒரு ரயில் எஞ்சினுக்கு அந்த அம்மாளின் பேர், 1877 அக்டோபரில் அதைத் தெப்பத்தில் ஏற்றி இந்த ஆற்றின் வழியாகத்தான் வின்னிபெக்குக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் 1878 டிசம்பரில் வந்து சேர்ந்தது. எமர்சன் தலைகால் தெரியாமல் ஆடியது அதற்குப் பிறகு. 1881, 82-ஆம் வருஷத்துப் பத்திரிகை விளம்பரங்களைப் படிக்கும்போது, நம்மூர்ப் புறவழிச்சாலை பக்கத்து மனை விளம்பரம் படிக்கிற மாதிரியே இருக்கும், ஆகவே அதில் வருகிற எந்த ஜனத்தொகைக் கணக்கையும் நம்ப வேண்டாம். கண்டம் கடக்கும் பெரிய ரயில்பாதை வின்னிபெக் வழி என்று ஆனது, 1882-இல் நில விலை விழுந்தது, ஊர் கடனில் மூழ்கியது. இன்றைக்கு அங்கே ஆயிரம் பேர் கூட இல்லை.

நான் எழுதி அனுப்பிய பதினோரு பக்கத்தை மருமகள் அச்செடுத்துக்கொண்டு, ஏப்ரல் கடைசியில் மறுபடி அங்கே போனாள். வீடியோ அழைப்பில் ஆற்றைக் காட்டினாள். கரையோரம் கரைந்த பனி, நடுவே உடைந்த கட்டிகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியுதுங்களா மாமா?"

அவளுக்குப் பின்னால் வெயில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகுதான் சொன்னேன்.